பெட்டி எங்கே இருக்க வேண்டும்

அன்று என் அறையில் இருந்தவர்கள்: டீச்சர். அவர் வீட்டுக்காரர். அவர்களுடைய மகள். கீபோர்டு வாசிக்கிறவர். நான்.

ஐந்து பேர். அந்த அறையில் மூன்று பேர் நின்றாலே முழங்கை இடிக்கும். மகள் கதவோரம் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சர் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்து ரிட்டையர் ஆனவர். சர்ச்சில் கொயர் அவர் கையில். வீட்டுக்காரர் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் கம்பெனியில் சூப்பர்வைசர். மகளுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை, அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். கீபோர்டுக்காரர் பல்லாவரம். என்னோடு பத்து வருடமாக வாசிக்கிறார்.

வியாழக்கிழமை காலை. திங்கட்கிழமை டீச்சருக்கு ஆபரேஷன். தொண்டையில் கட்டி. குரல்வளையை முழுசாக எடுத்துவிடப் போகிறார்கள். அதற்குப் பிறகு குரல் கிடையாது. இதை டீச்சரே சொன்னார். தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது போலச் சொன்னார்.

அவர்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஒரு ஜெபம். பாட்டை டீச்சர் எடுப்பார். மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். திங்கட்கிழமைக்கு அப்புறம் யார் எடுப்பது? அதற்காகத்தான் வந்திருந்தார்கள். ஒரே ஒரு பாட்டு, அவர் குரலில். ஏழு மணிக்குப் போட்டுவிட்டு எல்லாரும் உட்காரலாம், டீச்சரும் உட்காரலாம்.

நான் எட்டாவதோடு நின்றவன். மைக் செட்டில் சேர்ந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம், கன்வென்ஷன். வயதான பிறகு ஸ்பீக்கர் தூக்க முடியவில்லை. சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் மாடி அறை ஒன்று பிடித்து, சுவரில் பழைய மெத்தை அடித்து, ரிக்கார்டிங் ஆரம்பித்தேன்.

பெட்டி என்று நான் சொல்வது கம்ப்ரசரை.

வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கம்ப்ரசர்னா எங்க கம்பெனில காத்தடிக்க வெச்சிருக்கோமே, அதுவா தம்பி?"

"இல்ல சார். இது சத்தத்தை அமுக்கும்."

"கத்தறவன் மண்டையில தட்டும் சார்," என்றார் கீபோர்டுக்காரர். "எங்க வூட்ல எனுக்கு ஒண்ணு கீது, கல்யாணம் பண்ணிக் குட்த்தாங்க."

டீச்சர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கீபோர்டுக்காரர் கீபோர்டு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்டியில் ஒரு கோடு வைப்போம். கண்ணுக்குத் தெரிகிற கோடு இல்லை, ஒரு அளவு. சத்தம் அதைத் தாண்டினால் பெட்டி அமுக்கும். எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ். அமுக்கின பிறகு மொத்தத்தையும் தூக்கிவிடுவோம். மெதுவாகச் சொன்னதும் உரக்கச் சொன்னதும் கிட்டக்கிட்ட வந்துவிடும்.

அதை எந்த இடத்தில் வைப்பது என்பதில் ஆளுக்கு ஒரு பேச்சு. என் பழக்கம், மைக்குக்கு அடுத்தது பெட்டி. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். குரோம்பேட்டையில் ஒரு கன்வென்ஷனில் பிரசங்கியார் மைக்கை வாய்க்குள் வைத்துக் கத்தினார். இரண்டு ஸ்பீக்கர் கிழிந்தது. முதலாளி என்னைக் கூட்டத்தின் நடுவில் வைத்துத் திட்டினார். அன்றிலிருந்து பெட்டி இல்லாமல் நான் மைக்கைத் திறந்ததில்லை. சொந்த அறை போட்டபோதும் ஒயரை அப்படியே இழுத்தேன். மைக், பெட்டி, கம்ப்யூட்டர்.

ரிக்கார்டிங் அறையில் அப்படிச் செய்யக்கூடாது. ஸ்பீக்கர் கிழியப் போவதில்லை. லெவலைக் குறைவாக வைத்து, குரலை வந்தபடியே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பிறகு மிக்ஸ் பண்ணும்போது பெட்டியைப் போட வேண்டும். சரியில்லை என்றால் எடுத்துவிடலாம், அடியில் குரல் முழுசாக இருக்கும். வடபழனியில் வேலை செய்த ஒருவர் இதை எனக்கு இரண்டு தடவை சொன்னார். சரி என்றேன். ஒயரை மாற்றவில்லை. பன்னிரண்டு வருடம் யாரும் குறை சொன்னதும் இல்லை. எனக்கு வந்ததெல்லாம் ஆட்டோவில் கட்டுகிற விளம்பரம், எலெக்‌ஷன் பேச்சு, கிறிஸ்துமஸ் கேசட்டு மாதிரிப் பாட்டு. எல்லாம் கத்துகிற வேலை. அமுக்கினால்தான் கேட்க நன்றாக இருக்கும்.

டீச்சர் மைக் முன்னால் நின்றார். ஃபேனை நிறுத்தினேன். வீட்டுக்காரர் பேப்பரை மடித்து அவருக்கு விசிற ஆரம்பித்தார்.

"ஏங்க, பேப்பரை வைங்க. அதுவும் கூடப் பாடுது."

அவர் பேப்பரை வைத்தார்.

டீச்சர் ஒரு வரி பாடிக் காட்டினார். பெட்டியில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற முள் குதித்தது. முதல் சொல் காதில் சொல்வது போல இருந்தது. மூன்றாவது சொல்லில் கூரை வரைக்கும் போனார். அடுத்த சொல்லில் மறுபடி இறங்கிவிட்டார். வரியின் கடைசி காற்றாகப் போனது.

கட்டியினால் என்று நினைத்தேன். உடம்பு முடியாதவர், குரல் நிற்கவில்லை, ஏறி இறங்குகிறது என்று நினைத்தேன். வீட்டில் வைத்துக் கேட்கப்போகிற பாட்டில் நோய் தெரியக்கூடாது. நாம் சரிசெய்து கொடுப்போம் என்று நினைத்தேன். கோட்டை இன்னும் கீழே இறக்கினேன். நாலில் இருந்த குமிழை எட்டுக்குத் திருப்பினேன்.

யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் சுவரில் லோக்கல் ரயில் டைம் ஒட்டியிருக்கும். ஒரு வண்டி போனதும் ஆரம்பித்து அடுத்த வண்டிக்குள் முடிப்போம். முதல் தடவை பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. வெந்நீர் குடித்தார். இரண்டாவது தடவை முழுசாகப் பாடினார். பல்லவி, இரண்டு சரணம். இரண்டாவது சரணத்தில் டைமில் இல்லாத ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. நான் கையைத் தூக்கினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பாடிக்கொண்டே போனார். பரவாயில்லை, ரயிலின் கனத்த அடிச்சத்தத்தைப் பிறகு வெட்டிவிடலாம் என்று விட்டேன்.

வெட்டினேன். கீபோர்டோடு சேர்த்துப் போட்டுக் காட்டினேன்.

"சினிமா மாதிரி கீதுண்ணா," என்றார் கீபோர்டுக்காரர். மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

டீச்சர் ஹெட்போனைக் கழற்றவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது நானா, தம்பி?"

"மைக்ல அப்படித்தான் டீச்சர் கேக்கும். அவங்கவங்க குரல் அவங்களுக்குப் புடிக்காது."

"இன்னொரு தடவை பாடிடட்டுமா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "டாக்டர் பேசவே வேணாம்னுட்டாரும்மா," என்றார் அவர்.

"வேணாம் டீச்சர்," என்றேன் நானும். "இதுவே நல்லா வந்திருக்கு."

அப்போது மணி பதினொன்று கூட ஆகவில்லை. குரல் இருந்தது. அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது.

நாலு மாதம் கழித்து வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். பாட்டைப் போட்டா எழுந்து கிச்சனுக்குப் போயிடறா. பாட்டு முடிஞ்சதும் வந்து உக்காந்துக்கறா. தெனமும். கேட்டா ஒண்ணும் எழுத மாட்டேங்கறா. அழறதும் இல்ல. போயிடறா, அவ்ளோதான்."

கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

டீச்சர் கழுத்தில் மெல்லிய துணி கட்டியிருந்தார். மூச்சு விடும்போது துணி உள்ளே போய் வெளியே வந்தது. கையில் கோடு போட்ட நோட்டு, பென்சில். மாடிப்படி ஏறிய களைப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார். பள்ளிக்கூடப் பலகையில் எழுதுவது போல, முற்றுப்புள்ளி வைத்து.

"தம்பி, அந்தப் பாட்டில் நான் இல்லை."

பாட்டைப் போட்டேன். கேட்டார். மறுபடி எழுதினார்.

"இவள் எல்லாச் சொல்லையும் ஒரே மாதிரி சொல்கிறாள். யாரிடம் பேசுகிறோம் என்று இவளுக்குத் தெரியவில்லை."

வீட்டுக்காரர் அவர் தோளுக்கு மேலே குனிந்து படித்தார். என்னைப் பார்க்கவில்லை.

இரண்டாவது சரணத்தில் டீச்சர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "இங்கே ஏன் திடீரென்று பின்னால் போகிறாள்?"

நான் கம்ப்யூட்டரில் குரலின் அலைப் படத்தைப் பார்த்தேன். கூட்ஸ் வண்டி வந்த இடம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டிக்கு ரயில் எது, டீச்சர் எது என்று தெரியாது. ரயில் சத்தம் கோட்டைத் தாண்டியது, பெட்டி அமுக்கியது. கூட இருந்த குரலும் சேர்ந்து அமுங்கியது. அடிச்சத்தத்தை முதலில் வெட்டிவிட்டுப் பெட்டிக்கு அனுப்பியிருந்தால் இது நடக்காது. நான் பெட்டிக்குப் பின்னால் வைத்து வெட்டினேன். ரயில் போய்விட்டது. ரயில் அமுக்கின இடம் இருக்கிறது.

சொன்னேன். குமிழைத் திருப்பியதையும் சொன்னேன்.

வீட்டுக்காரர் மெஷினோடு இருந்தவர். அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. "சரி தம்பி. பெட்டிக்கு முன்னாடி இருந்ததைப் போடுங்க."

"அது இல்ல சார்."

"எங்க போச்சு?"

"எங்கயும் ஏறல சார். மைக்ல இருந்து நேராப் பெட்டிக்குப் போச்சு. பெட்டில இருந்து வெளிய வந்ததுதான் ஏறிச்சு."

"அப்ப இவ பாடினது?"

"இந்த ரூம்ல பாடினாங்க சார். அவ்ளோதான்."

அவர் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் எழுந்து அதை அணைத்தேன். அணைத்து என்ன ஆகப்போகிறது.

டீச்சர் எழுதினார். "ஏன் திருப்பினீர்கள்?"

"உடம்பு முடியாமக் குரல் ஏறி எறங்குதுன்னு நெனச்சேன் டீச்சர்."

பென்சில் ரொம்ப நேரம் நோட்டு மேலேயே நின்றது. பிறகு, "பாட்டே அதுதான் தம்பி" என்று எழுதினார். அந்த ஒரு வரிக்கு மட்டும் முற்றுப்புள்ளி வைக்கவில்லை.

அவர்கள் போனதும் அறைக்குப் பின்பக்கம் போய் ஒயரைப் பிடுங்கினேன். இப்போது என் அறையில் மைக் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. மிக்ஸில் முதலில் வெட்டுகிறேன். அப்புறம்தான் அமுக்குகிறேன், அதுவும் கேட்டுப் பார்த்து. வடபழனிக்காரர் சொன்னது அவ்வளவுதான். செய்ய அரை மணி நேரம் பிடித்தது.

ஒரு வாரம் அந்தப் பாட்டோடு உட்கார்ந்தேன். அமுக்கினதை விரித்துக் கொடுக்கிற சாமான் கம்ப்யூட்டரில் உண்டு. போட்டேன். மூச்சு சின்னதானது, குரல் நடுங்கியது. அதில் டீச்சர் வரவில்லை. அதை எடுத்துவிட்டு ஒவ்வொரு சொல்லாகக் கையால் ஏற்றி இறக்கினேன். எந்தச் சொல்லை எவ்வளவு இறக்குவது? அன்று நான் முள்ளைப் பார்த்தேன். பாட்டைக் கேட்கவில்லை. ஞாபகத்தில் இருந்தால்தானே இறக்குவதற்கு.

"இன்னாண்ணா, ஒரு வாரமா அதே பாட்டு. பேஜாரா கீது," என்று கீபோர்டுக்காரர் உள்ளே வந்தார். யார் பாட்டு என்று பார்த்தார். உட்கார்ந்தார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "கசங்கின துணின்னா இஸ்திரி போடலாம்ணா. இது அரைச்ச மாவு," என்றார்.

மகளிடம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். போனில் இருந்ததையெல்லாம் அனுப்பினாள். பிறந்தநாள், ஊருக்குப் போனது, கீழ்க்கட்டளையில் யாரோ சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசம். எல்லாவற்றிலும் போனைப் பிடித்திருப்பது டீச்சர்தான். "கிட்ட வாங்க, கிட்ட வாங்க" என்று ஒரு சத்தம் வரும். பிறகு மற்றவர்கள் பேசுவார்கள். கொயரில் எடுத்தது இரண்டு இருந்தது. இருபது பேர் குரல், அதில் ஒன்று அவருடையது. பிரித்து எடுக்க எனக்குத் தெரியவில்லை.

"அண்ணா, அம்மாவைத் தனியாப் பாட வெச்சு எடுக்கணும்னு ஒரு நாளும் தோணலண்ணா," என்றாள். "தெனமும் ஏழு மணிக்குக் கேட்டுட்டே இருந்தோமா."

ஒன்றும் முடியவில்லை என்று சொல்ல நானே அவர்களை வரச் சொன்னேன். போனில் சொல்லியிருக்கலாம். நேரில் சொல்ல வேண்டும் என்று பட்டது. சனிக்கிழமை காலை மூன்று பேரும் வந்தார்கள். சொன்னேன். வீட்டுக்காரர், "விடுங்க தம்பி, நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார். வேண்டும் என்றுதான் திருப்பினேன்.

டீச்சர் நோட்டில் எழுதிக் காட்டினார். "கீபோர்டு இல்லாமல் என் குரலை மட்டும் போடுங்கள்."

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். வலது கை மேசை மேல் இருந்தது. பல்லவியின் முதல் சொல்லில் ஆள்காட்டி விரல் எழுந்தது. உடனே இறங்கிவிட்டது. அந்த வரி முடிகிற வரை எழவில்லை. அடுத்த வரியில், மூச்சு எடுத்த பிறகு வந்த சொல்லில் மறுபடி எழுந்தது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நிறுத்திக் கேட்டேன். "இன்னா டீச்சர்? சத்தம் ஜாஸ்தியா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். எழுதினார். "இது நான்."

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். விரல் எழுந்த சொல் சின்னதாக இருந்தது. கோட்டுக்குக் கீழே. கோட்டைத் தாண்டாததைப் பெட்டி தொடாது. இது எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். ஒரு வாரம் அந்தப் பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தும் தோன்றவில்லை. உரக்கப் பாடியது எல்லாம் போய்விட்டது. உரக்கப் பாடினதுக்கு அடுத்து வந்ததும் போய்விட்டது, பெட்டி கையை எடுக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். மூச்சு விட்டு, அவர் மிக மெதுவாக ஆரம்பித்த இடங்கள் மட்டும் அவர் பாடினபடியே இருந்தன.

மறுபடி முதலிலிருந்து போட்டேன். விரல் எழுந்த இடத்தில் எல்லாம் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டே போனேன். மகள் அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் வந்த சரணத்தில் ரொம்ப நேரம் விரல் எழவில்லை. வீட்டுக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கடைசி வரியில் ஒரு தடவை எழுந்தது.

டீச்சர் எழுதினார். "இவற்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்."

"எடுத்தாப் பாட்டு இருக்காது டீச்சர். கீபோர்டு ஓடும், நடுவுல நடுவுல ஒரு சொல்லு வரும். மீதி காலியா இருக்கும்."

"காலியாக இருக்கும் இடத்தில் இவர் பாடுவார்."

"நானா?" என்றார் வீட்டுக்காரர். "நான் பாடினாத் தெரு நாய்கூட எழுந்து போயிடும்மா."

டீச்சர் பென்சிலால் அவர் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு எழுதினார்.

"நாய் போகட்டும். நான் உட்கார்ந்திருப்பேன்."

அவர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு, மறுபடி படித்தார்.

அவர்கள் காத்திருக்கும்போதே வெட்டினேன். அடையாளம் வைத்த சொற்களை அவையவை இருந்த இடத்திலேயே விட்டேன். மற்றதை எடுத்தேன். கீபோர்டை ஓடவிட்டு, குரலுக்கு மேலே வேறு எதுவும் போடவில்லை. பென் டிரைவில் ஏற்றும் முன்னால் ஒரு தடவை ஓடவிட்டு, ஏதாவது சொல் விட்டுப்போயிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். மகளும் கூடவே விரல் மடக்கி எண்ணினாள்.

பதினோரு சொல்.